மூசைக்குத் தப்பும் நகை

தமிழ்க் குடும்பங்களில் பொன் தலைமுறை தாண்டும். நகை பெரும்பாலும் தாண்டாது. பாட்டியின் இரட்டைவடச் சங்கிலி அம்மாவின் கல்யாணத்துக்கு நெக்லஸாகியிருக்கும். பேத்தியின் கல்யாணத்துக்கு அதுவே கையகலப் பதக்கம் வைத்த ஆரமாகியிருக்கும். எடைக்கணக்கு ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்திருக்கும். பாட்டியின் கழுத்தில் கிடந்த அந்தச் சங்கிலிதான் எங்கேயும் இருக்காது. பழசைப் போட்டுப் புதுசு எடுப்பதையும், அழித்துச் செய்வதையும் நாம் இழப்பாக எண்ணுவதே இல்லை. உருகினாலும் பொன் பொன்தானே என்று இருந்துவிடுகிறோம். தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். ஆசாரியின் மூசையில் அது சிறிது நேர வேலை. திருட்டுக்குப் பயந்து லாக்கர் எடுக்கிற நாம், நகைக்கு மூசையைவிடப் பெரிய எதிரி இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

பேரப்பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேரும்படி ஒரு நகை எடுக்க வேண்டும் என்று கடைக்குப் போகிறவர், விலையையும் எடையையும் பார்ப்பதற்கு முன் மூன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை உருக்கினால் நஷ்டமா? இதை உருக்கியே தீர வேண்டிய நெருக்கடி வருமா? நாற்பது வருஷம் கழித்து ஒருத்தி இதை எடுத்துப் போட்டுக்கொள்வாளா? இந்தக் கேள்விகளுக்கு முன் நிறுத்திப் பார்த்தால், 'நல்ல கனமான நகை' என்று நாம் பெருமைப்படுவதில் பாதி தேறாது.

முதலில் கடைக் கணக்கு. 22 காரட் என்பது ஆயிரத்தில் 916 பங்கு பொன். கல் இல்லாத சங்கிலி, கம்பி வளையல் போன்றவற்றில் சேதாரமும் செய்கூலியும் குறைவு. எந்த ஊர்க் கடையிலும் எந்த நேரத்திலும் பணமாகும். அடகுக்கும் அதுவே சௌகரியம். நகைக்கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பொன்னின் மதிப்பை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும், கல்லையும் கூலியையும் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரிக் கட்டணம் என்று எது வந்தாலும் வீட்டிலிருந்து முதலில் வெளியே போவது இந்த வெறும்பொன் நகைகள்தான். கல் இழைத்த அட்டிகையின் நிலைமை வேறு. வாங்கும்போது சேதாரம் கூடுதல். திருப்பிப் போடும்போது கல்லைக் கழித்துத்தான் எடை போடுவார்கள். வேலைப்பாட்டுக்கு ஒரு பைசா கிடைக்காது. முதலீடு என்று பார்த்தால் அசட்டுத்தனமான கொள்முதல். ஆனால் விற்றாலும் அடகு வைத்தாலும் பெரிய தொகை வராது என்பதனாலேயே அது பெட்டியை விட்டு நகராமல் கிடக்கிறது. சேமிப்பாகப் பார்த்தால் குறையாகத் தெரிகிற அதே குணம், குலநகையாகப் பார்த்தால் காப்பு. இந்த இரண்டு காரியத்துக்கும் ஒரே நகையை வாங்க முயல்வதுதான் நம் வீடுகளில் நடக்கும் தவறு.

உருக்குவதற்கு வீட்டுக் கஷ்டம் மட்டும் காரணமாக இருந்ததில்லை. சீனப் போரை அடுத்து 1963 ஜனவரியில் மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. அப்போது நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார்கள். 22 காரட்டில் பழகிய கைக்கு 14 காரட் பொன் விறைப்பானது, நிறமும் கூடிவராது, வாங்கவும் ஆளில்லை. நாடு முழுவதும் பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. தற்கொலைகளும் நடந்தன. 1966இல் காரட் கட்டுப்பாடு தளர்ந்தது. 1968இல் தனிச் சட்டமாக வந்த தங்கக் கட்டுப்பாடு 1990இல்தான் நீக்கப்பட்டது. கல் கட்டுகிற கை, தகட்டில் சித்திரம் தட்டுகிற கை, கம்பி இழுக்கிற கை என்று தனித்தனியாக இருந்த தேர்ச்சிகள் அந்த ஆண்டுகளில் மெலிந்தன. பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பிய ஆசாரியின் பட்டறை மறுபடி திறக்கவில்லை. 1963க்கு முன் செய்த கைவேலை நகை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அதை அழிப்பதற்கு முன் ஒருமுறைக்கு இரண்டுமுறை யோசியுங்கள். அதை அப்படியே மறுபடி செய்துதர ஆள் கிடைப்பது அரிது.

சாமிக்குப் போட்ட நகைக்கே இந்த விதிதான். தமிழ்நாட்டுக் கோயில்களில் பயன்பாட்டில் இல்லாத காணிக்கைப் பொன்னை உருக்கிக் கட்டிகளாக்கி வங்கியில் முதலீடு செய்யும் திட்டத்தில் 1,000 கிலோவுக்கு மேல் கட்டிகளாகியிருக்கிறது. அதை இங்கே விவாதிக்க வரவில்லை. பயன்படாமல் கிடக்கும் பொன் கோயிலிலும் மூசைக்கே போகும் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

எந்த வடிவம் பிழைக்கிறது, எது சாகிறது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தென்மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் அணிந்த தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சதுரமும் உருண்டையும் முக்கோணமுமாகத் தகடுகளைச் சேர்த்து, உள்ளே அரக்கு நிரப்பிச் செய்யும் பாம்படம் உலக அருங்காட்சியகங்கள் தேடி வாங்குகிற அளவுக்கு அழகான வடிவம். ஆனால் காது வளர்த்தால்தான் போட முடியும். காது வளர்க்கும் வழக்கம் நின்றதும் நகையும் நின்றது; பேத்திக்கு அது பொன் மட்டும்தான். ஜடைநாகம், ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை எல்லாம் பரதநாட்டிய மேடையாலும் கல்யாண அலங்காரத்தாலும் பிழைத்தன. அதிலும் பெரும்பாலானவை இன்று கவரிங்கும் வாடகை நகையும். ஒட்டியாணம் இடுப்பளவுக்குக் கட்டுப்பட்டது. வளையல் கையளவுக்குக் கட்டுப்பட்டது. திருகு வைத்த காப்பானால் ஓரளவு தப்பிக்கும்.

தோடும் மூக்குத்தியும் அப்படியல்ல. அளவு கேட்காது, புடவைக்கும் சுடிதாருக்கும் பொருந்தும், தினமும் போடலாம். ஏழு கல் வைரத்தோடு தமிழ்நாட்டு வீடுகளில் மூன்று நான்கு தலைமுறை நின்றிருப்பதற்கு வைரத்தின் விலை மட்டும் காரணமில்லை. அது காதிலேயே இருந்தது. காதில் இருப்பதை யாரும் உருக்கக் கேட்பதில்லை. கழுத்துக்கு என்றால், ஒரு சாண் ஆரத்தைவிடக் கழுத்தை ஒட்டிக் கிடக்கும் அட்டிகைக்கும், தனியே கழற்றிச் சங்கிலியில் கோக்கக்கூடிய பதக்கத்துக்கும் ஆயுள் அதிகம். நீள ஆரத்தைக் கல்யாண மண்டபத்துக்கு வெளியே போட முடிவதில்லை. வருஷத்துக்கு ஒருநாள் போடும் நகைக்கு வீட்டில் வக்காலத்து வாங்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கல் விஷயத்தில் நம்மவர்களுக்கு நம்பிக்கை அதிகம், சோதனை குறைவு. வைரம் என்றதும் 'ப்ளூ ஜாகர்' என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தில் கிடைத்த, மெல்லிய நீலச்சாயல் கொண்ட வைரங்களின் புகழிலிருந்து வந்த பெயர் அது. 1893இல் 995 காரட் எடையுள்ள 'எக்செல்சியர்' கல் கிடைத்ததும் அங்கேதான். அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. இன்று கடையில் ப்ளூ ஜாகர் என்று காட்டப்படும் புதுக் கல்லுக்கு அந்தப் பெயர் சாயலைக் குறிக்கும் வியாபாரப் பெயரே தவிர, பிறந்த இடத்துக்குச் சான்று ஆகாது. பழைய தோட்டுக்கல் உண்மையிலேயே அங்கிருந்து வந்திருக்கலாம். அதையும் வாய்வார்த்தையில் விடாமல் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே முறை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நம் பழைய தோடுகள் பின்பக்கம் மூடிக் கட்டியவை. மூடிய கட்டில் கல்லின் அடிப்பக்கம் தெரியாது, தனிக் கல்லாக எடை போடவும் முடியாது. எனவே புதிதாகச் செய்பவர்கள் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு கல்லுக்கும் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும்.

கெம்பு இன்னும் சிக்கலானது. பாட்டியின் அட்டிகையில் இருப்பது பர்மா மாணிக்கம் என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும். ஃபிரெஞ்சு வேதியியலாளர் வெர்னேய் 1902இல் மாணிக்கத்தைச் செயற்கையாக வளர்க்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் மலிவான செயற்கைக் கெம்பு உலகச் சந்தைகளை நிறைத்தது. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது ஒரு குடிசைத்தொழிலாகவே வளர்ந்தது. ஆக 1920க்குப் பின் செய்த அட்டிகையில் செயற்கைக் கல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அதில் அவமானமும் இல்லை என்பது என் கருத்து. வேலைப்பாடு நன்றாக இருந்தால் நகை நகைதான். செயற்கை என்று தெரிந்த மறுநாளே அதைக் கொண்டுபோய் உருக்கியவர்கள், கல்லோடு சேர்த்து ஆசாரியின் வேலையையும் தொலைத்தார்கள்.

முத்து அழகானது, ஆனால் மெலிவானது. வியர்வையும் வாசனைத் திரவியமும் அதன் மேற்பூச்சைத் தின்னும், நூலும் அறும். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பழைய மன்னார்க் கடல் முத்து வீட்டில் இருந்தால் அது திரும்பக் கிடைக்காத பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும் முத்துமாலையைப் பேத்திக்கென்று திட்டமிடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பவளமும் அப்படியே, எளிதில் கீறல் விழும். மரகதம் கடினமானதுதான், ஆனால் இயல்பிலேயே விரிசல் உள்ள கல். பெரும்பாலும் எண்ணெய் ஊட்டித்தான் விற்பார்கள். கடைக்காரர் அதிர்வுக் கருவியில் போட்டுக் கழுவித்தந்தால் எண்ணெய் வெளியேறி விரிசல் வெளுக்கும். தினம் அணிய வேண்டிய நகைக்கு வைரமும், மாணிக்கம், நீலம் வகையும்தான் தாங்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் எல்லா வகையிலும் வைரமே; ஆனால் அதன் விலை சில ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே வருகிறது, திருப்பி வாங்குவோரும் குறைவு. அணிவதற்கு வாங்கலாம். சொத்தாக எண்ணி வாங்க வேண்டாம்.

வடிவமும் கல்லும் தேர்ந்தபின் நகையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தைப் பார்த்து நகை எடுப்பவர்கள்தான் அதிகம். ஆயுள் பின்பக்கத்தில் இருக்கிறது. பற்றவைத்த இடங்கள் வழவழப்பாக இருக்கின்றனவா, வளையங்களின் வாய் மூடிப் பற்றவைத்திருக்கிறதா, கல்லைப் பிடிக்கும் பொன் விளிம்பு முழுக்கச் சுற்றி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்த எடையில் பெரிதாகத் தெரியும்படி இயந்திரத்தில் தட்டிய உள்ளீடற்ற நகைகள் இப்போது நிறைய. ஒருமுறை நசுங்கினால் அவற்றை நிமிர்த்துவது கஷ்டம். வேலை தெரிந்தவரும் 'போட்டு மாத்திக்கோங்க' என்றே சொல்வார். 22 காரட் மென்மையான பொன். தினம் உரசும் சங்கிலியின் கண்ணிகள் இருபது முப்பது ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியவே தேயும். எனவே தோட்டில் சுரையும் திருகாணியும், சங்கிலியில் கொக்கியும் கடைசிக் கண்ணிகளும் சற்றுக் கனமாக இருக்கட்டும். உபரித் திருகாணி ஒரு ஜோடி அப்போதே செய்து வாங்கிவிடுங்கள். நகங்களால் பிடித்த வைரத்துக்கு 18 காரட் பொன்தான் உறுதி. 22 காரட் நகம் வளைந்து கல் விழும். இதில் கௌரவம் பார்க்கக் கூடாது.

நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியில் செய்யும் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளியில் அடிக்கட்டு, மேலே பொன் தகடு, அரக்கின் மேல் பதித்த கெம்பு. பொன்னின் எடை குறைவு என்பதால் பலர் இதை 'அசல்' என்று சேர்ப்பதில்லை. குலநகை என்ற நோக்கில் பார்த்தால் இது மிகப் பொருத்தமான தேர்வுகளில் ஒன்று: உருக்கினால் கிடைப்பது கொஞ்சம், அணிந்தால் தெரிவது நிறைய, பழுதானால் செய்த ஊரிலேயே சரிசெய்து தருவார்கள். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரக்கு வெப்பத்தில் இளகும், ஈரம் உள்ளே போனால் கல் மங்கும்.

இப்போது பங்கு. நகைகள் அழிவதில் கணிசமான பகுதி சண்டையால் அல்ல, நியாயத்தால் நடக்கிறது. மூன்று பெண்கள், ஒரு காசுமாலை. சமமாகக் கொடுக்க வேண்டும் என்று அம்மா மூன்றாகப் பிரிக்கிறாள். காசுமாலை அதற்கு இசையும். விக்டோரியா அல்லது ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட அசல் சவரன் ஒவ்வொன்றும் 22 காரட்டில் 7.988 கிராம், தனிக்காசாகவும் மதிப்புள்ளது. மாலை பிரிந்தாலும் ஒவ்வொருத்திக்கும் முழுக் காசு. ஒட்டியாணத்தை மூன்றாக வெட்டினால் மூன்று துண்டு பொன். எனவே பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை சிறு நகைகள் எடுப்பது, ஒரே பெரிய நகை எடுத்து யாருக்கென்று சொல்லாமல் போவதைவிட மேல்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை இதைத் தெளிவாகவே வைத்திருந்தது. டச்சுக்காரர்கள் 1707இல் தொகுத்த அந்த வழமையில் தாய்வழிச் சீதனம் பெண்மக்களுக்கு, தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கு, தம்பதியர் சேர்த்தது தேடியதேட்டம் என்று மூன்று கூறு. இந்தியாவில் 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14ஆம் பிரிவு பெண்ணின் சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கியது. கல்யாணத்தில் அவளுக்குத் தந்த நகை சீதனம், கணவனுக்கு அதில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. பலருக்கும் தெரியாத இடம் அதே 1956 சட்டத்தின் 15ஆம் பிரிவு. பெற்றோரிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, அந்தப் பெண் குழந்தையின்றி இறந்தால் தகப்பன் வழி வாரிசுகளுக்குத் திரும்பும். அம்மா உயிரோடு இருக்கும்போதே கல்யாணத்தில் அன்பளிப்பாகக் கொடுத்த தோடு அப்படித் திரும்பாது. உயில் இல்லையென்றால் கணவனுக்குப் போகும். 'எங்க பாட்டி தோடு எங்க வீட்டுக்கே வரணும்' என்று சொல்லும் குடும்பங்களில், நகைக்கு உரியவள் ஒரு தாளில் உயில் எழுதினால் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை.

எழுதி வைப்பதைப் பற்றிச் சொல்லும்போது தஞ்சாவூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய கோயிலுக்கு முதலாம் ராஜராஜனும் குந்தவையும் மற்றவர்களும் கொடுத்த நகைகளைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நகையின் பெயர், எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள், எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து. பொன்னுக்கு ஆடவல்லான் என்ற கல். நகைக்குத் தட்சிணமேருவிடங்கன் என்ற கல். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை என்று வகை பிரித்திருக்கிறார்கள். வைரங்களில் எதில் பொட்டு, எதில் விரிசல், எதில் செம்புள்ளி, எதில் கரும்புள்ளி என்று குறைகளையும் மறைக்கவில்லை. எடையில் அரக்கும் சேர்ந்திருப்பதைக்கூடச் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பட்டியலின் நேர்மை இன்றைய பில்லில் இல்லை. நகைகள் போய்விட்டன, கல்வெட்டு நிற்கிறது.

நம் வீட்டுக்கு அந்த அளவு வேண்டியதில்லை. நகையின் முன்னும் பின்னும் எடுத்த படம், மொத்த எடை, கல் நீங்கிய எடை, கல் எண்ணிக்கை, எந்த ஆண்டு, யார் செய்தார், யாருக்காகச் செய்தது, யார் யார் அணிந்தார்கள், என்ன பழுது பார்த்தது: ஒரு பக்கம் போதும். ஹால்மார்க் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறிலக்க எச்யுஐடி எண் இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்த்து, பில்லோடு குறித்துவையுங்கள். குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்கு ஹால்மார்க் விலக்கு உண்டு என்பதால் அவற்றுக்குப் பில்லில் எழுதி வாங்குவது ஒன்றே பிடிமானம். வருமான வரிக்கும் இந்தத் தாள்கள் உதவும். 1994ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை நகையைக் கைப்பற்றுவதில்லை. அதற்கு மேல் இருப்பது பரம்பரையாக வந்தது என்று காட்டத் தாள்தான் பேசும்.

பத்து பவுன் வாங்க வசதியுள்ள குடும்பத்துக்கு என் யோசனை இது. எட்டு பவுனைக் காசாகவோ கல் இல்லாத எளிய சங்கிலியாகவோ வாங்குங்கள். அது சேமிப்பு, கஷ்டம் வந்தால் மனம் நோகாமல் விற்கலாம், அடகு வைக்கலாம். மீதி இரண்டு பவுனில் ஒரு தோடோ, சிறிய கல் அட்டிகையோ, பதக்கமோ, வேலை தெரிந்த ஆசாரியிடம் நேரே உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். சேதாரம் கேட்டால் கொடுங்கள். பாதுகாப்புக்கென்று லாக்கரில் பூட்டாமல் மகளைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். யாருக்குப் போக வேண்டும் என்பதை இந்த மாதமே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.